டெல்ரோஸின் முகத்தைப் பார்த்து

ஸ்டுடியோக்காரர்களை நான் நம்புவதில்லை. பாட வந்தவனுக்கு ஒரு சோடாவை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாட்டைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர்களைக் கிங்ஸ்டனில் நிறையப் பார்த்தாயிற்று. படித்தவர்களையும் நம்புவதில்லை. என் காதை நம்புவேன். வால்தம் பார்க் ரோட்டில் தெருவில் ஸ்பீக்கர் அடுக்கிப் பாட்டுப் போடும் எங்கள் சவுண்டுக்கு இருக்கிற பெயர் இந்தக் காதால் வந்தது.

என் மகள் மார்வா எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். சனிக்கிழமை ஆட்டம் என்றால் மத்தியானமே பெட்டிகளை அடுக்கிச் சோதித்துவிடுவோம். ஒருத்தர் பெட்டியில் முதுகைச் சாய்த்து நிற்க வேண்டும். சட்டை படபடத்தால் பேஸ் சரி. பிறகு மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்து ட்ரெபிளை, அந்தக் கீச்சுச் சத்தத்தை, பார்க்க வேண்டும். எங்கள் முற்றத்தில் எல்லாரும் அப்படித்தான். மார்வாவும் அப்படித்தான். “இன்னும் ஏத்து டாடி” என்பாள். ஏற்றுவேன்.

வளர்ந்ததும் ஒலிப்பதிவு படிக்கிறேன் என்று கிளம்பினாள். காசு பிடுங்கிகள் என்றேன். கேட்கவில்லை. படித்து முடித்து ஹோப்டன் பிரைஸின் ஸ்டுடியோவில் சேர்ந்தாள். முதலில் வயர் சுற்றினாள். பிறகு மைக் வைத்தாள். டிரம்முக்கு மைக் வைக்க மார்வா வந்தால்தான் ஆச்சு என்று வாத்தியக்காரர்கள் அடம்பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். ஆனால் குரலையும் வாத்தியத்தையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங் போர்டுக்கு முன்னால் இருக்கும் நாற்காலியில் மட்டும் யாரும் அவளை உட்காரவிடவில்லை. இந்த வருடம்தான் பிரைஸ் வாயைத் திறந்தான். ஐயோனி டல்லக் பாடிய ஆல்பத்தை மார்வாவே மிக்ஸ் செய்யட்டும், நன்றாக வந்தால் நாற்காலி அவளுக்கு. இல்லாவிட்டால் மயாமியில் இருக்கும் அவன் தங்கை மகனுக்கு.

மிக்ஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் சவுண்டில் போட்டாள். சவுண்டு ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தோம். எங்களுக்கு இசைத்தட்டுப் போடுகிற ரடக் எழுந்து ஒரு சுற்று ஆடினான்.

“யம்மா, வயிறு வரைக்கும் வந்து குத்துது! பிரைஸ் அந்த நாற்காலிய தலையில தூக்கிட்டு வந்து குடுப்பான் பாரு!”

ரடக்கின் புது மனைவி டெல்ரோஸ் ஒரு ஓரமாகப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். போர்ட்லாண்ட் மலைப்பக்கத்துக்காரி. ஈஸ்டருக்குத்தான் எங்கள் முற்றத்துக்கு வந்தவள்.

“தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள். “அந்தப் பாட்டுக்கார அக்கா ‘ஸ்’னு இழுக்கற எடத்துல எல்லாம் என் பல்லு கூசுது.”

“போடி! தவளை கத்தறத கேட்டு வளந்தவளுக்கு சவுண்டப் பத்தி என்ன தெரியும்?” என்றான் ரடக்.

“ஏன், இங்கயும்தான் மரத்தவளை கத்துது. அந்த மாமரத்துல.”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. எனக்குத் தெரிந்து வால்தம் பார்க் ரோட்டில் அந்தக் கீச்சுத் தவளைச் சத்தம் நின்று எத்தனையோ வருடமாயிற்று. மார்வாவும் சிரித்தாள். ஆனால் ஒரு தடவை அந்த மாமரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் ஸ்டுடியோவிலிருந்து வந்தவள் தட்டைத் தொடவில்லை. வறுத்த மீன் ஆறிப்போனது.

“வேணாம்னுட்டார். ட்ரெபிள் கத்தி மாதிரி இருக்காம். என்கிட்ட கேக்காமயே தங்கச்சி மகனுக்கு போன் போட்டுட்டார்.”

“நான்தான் சொன்னேனே! நாற்காலிய அந்த மயாமிப் பயலுக்குக் குடுக்கறதுக்கு ஒரு சாக்கு. திருட்டுப் பய.”

“அப்படித்தான் இருக்கணும் டாடி” என்றாள். அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கடவுளிடம் கேட்கிற மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவளோடு நானும் போனேன். பிரைஸ் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். ஐயோனி சோபாவில் இருந்தாள். டீ போடும் மிஸ் பெட்டல் கதவருகே நின்றாள்.

“வாங்க மாஸ் வின்டன். ரம் ஊத்தவா?” என்றான் பிரைஸ், பெரியவர்களுக்கு வைக்கும் ‘மாஸ்’ மரியாதையோடு.

“உன் ரம் எனக்கு வேணாம். என் மக செஞ்சதுல என்ன கொற? என் முன்னாடி போட்டுக் காட்டு.”

போட்டான். ஐயோனி முகத்தைச் சுளித்தாள். மிஸ் பெட்டல் தோளைக் குறுக்கிக்கொண்டாள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது பாட்டு.

“நல்லா நடிக்கிறீங்க எல்லாரும்” என்றேன். “டீ போடறவளுக்குக்கூட சொல்லிக் குடுத்துட்டியா பிரைஸ்?”

“எனக்கு யாரும் சொல்லித்தரல பெரியவரே” என்றாள் மிஸ் பெட்டல். “நேத்து இதக் கேட்டே எனக்குத் தலவலி. உங்களுக்கு மாத்திர இருந்தா குடுங்க.”

ஐயோனி மார்வாவின் கையைப் பிடித்தாள். “தங்கச்சி, என் பாட்டுதானே? நான் எதுக்குக் கெடுக்கப்போறேன்? நீ ஜெயிக்கணும்னு நானே உபவாசம் இருந்தேன்.”

பிரைஸ் எழுந்து ஒரு மெஷினிடம் போனான். “பாட்டே வேணாம் மாஸ் வின்டன். வெறும் சத்தம் மட்டும் போடறேன். கேளுங்க.”

ஒரு பட்டனைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நானும் நின்றேன். ஏமாற்றுக்காரனுக்கு இந்த மாதிரி நேரம் கடத்துவது கைவந்த கலை.

“சரி, போடு” என்றேன்.

அதே நேரத்தில் மார்வாவும், “ஆரம்பிங்க சார்” என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். ஐயோனி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். மிஸ் பெட்டல் அறையை விட்டே வெளியே போயிருந்தாள்.

மார்வா என்னைப் பார்த்தாள். எதிரில் இருப்பவன் ஏமாற்றுகிறானா என்று பார்க்கத் தெரிந்தவன் நான். பிரைஸின் முகத்தில் அது இல்லை. அவன் பட்டனை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்பலேருந்து சார்?” என்றாள் மார்வா.

“அது எனக்கு எப்படிம்மா தெரியும்? டாக்டர்கிட்ட போ. ஆனா காதுல போனது திரும்பி வராது.”

“பேஸ நான் பாக்கறேன். ட்ரெபிள மட்டும் வேற யாராச்சும் கேட்டு சொல்லட்டும். நான் கையால திருப்பறேன்.”

“நாற்காலியில ரெண்டு பேர் உக்கார முடியாது மார்வா. மைக் வைக்கற வேல உனக்கு எப்பவும் இருக்கு.”

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

மயாமிப் பயல் வந்துவிட்டான். மார்வா அவனுக்கு மைக் வைக்கிறாள்.

இந்தச் சனிக்கிழமை பெட்டிகளை அடுக்கினோம். ரடக் ட்ரெபிளைப் பார்க்க மேல் ஸ்பீக்கரில் காதை வைக்கப் பெட்டிமேல் ஏறினான். மார்வா அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“இறங்கு. டெல்ரோஸ், இங்க வா. அந்த நாற்காலியப் போட்டு உக்காரு. கேட்டு சொல்ல வேணாம், சும்மா இரு.”

பாட்டைப் போட்டுவிட்டு டெல்ரோஸின் முகத்தையே பார்த்துக்கொண்டு ட்ரெபிள் குமிழை இறக்கினாள். இறக்கிக்கொண்டே போனாள். எங்களுக்குப் பாட்டின் மேல் கம்பளியைப் போட்டு மூடின மாதிரி ஆகிவிட்டது.

“செத்துப்போச்சு!” என்று கத்தினான் ரடக். “வின்டன், உன் மக சவுண்டக் கொல்றா! இன்னிக்கு ஜனங்க நம்மமேல கல்ல விட்டு எறிவாங்க!”

டெல்ரோஸின் நெற்றிச் சுருக்கம் மெல்லப் போனது. தோள் இறங்கியது. அந்த இடத்தில் மார்வா கையை எடுத்தாள்.

“டாடி, இதத் தொடாத.”

நான் தொடவில்லை.

இருட்டத் தொடங்கும்போது பாட்டை நிறுத்தினோம். மார்வா டெல்ரோஸின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“இப்ப தவளை கத்துதா?”

“கத்துதே. ஏகப்பட்டது.”

மார்வா மாமரத்தின் பக்கம் காதைத் திருப்பிப் பார்த்தாள். “எப்படிக் கத்தும்னு கொஞ்சம் செஞ்சு காட்டேன்” என்று கேட்டாள். டெல்ரோஸ் உதட்டைக் குவித்து விசில் மாதிரி என்னவோ ஊதிக் காட்டினாள்.

எனக்குக் காற்றுதான் கேட்டது. மகளுக்கு என்ன கேட்டது என்று நான் கேட்கவில்லை.