காலியாக விழித்த சர்வர்

பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்றின் தூசியில் ஜேம்ஸ்டவுன் கலங்கரை விளக்கம் பாதிக்கு மேல் கரைந்துபோயிருந்தது. கடல் இருக்கும் பக்கத்திலிருந்து இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ரேடியோ நிலையத்தின் மாடியில் உட்கார்ந்திருந்த கோர்கோய்க்குத் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம்.

எதிர் மேசையில் ஒடார்ட்டே. ஈஸ்டர் முடிந்ததும் இருவருக்கும் கல்யாணம் என்று பேச்சு. ஆனால் எங்கே குடியிருப்பது என்பதில் சண்டை வந்து, சில நாட்களாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோர்கோயின் அம்மாவும் பெரியம்மா சித்திமாரும் ஊர் வழக்கப்படி, கல்யாணத்துக்குப் பிறகும் பெண்கள் மட்டும் சேர்ந்து வாழும் பெண்கள் வீட்டிலேயே இருக்கிறவர்கள். கணவன்மார் தெருக்கோடி ஆண்கள் வீட்டில். அவளுக்கும் அப்படித்தான் இருக்க ஆசை. அவனோ ஊருக்கு வெளியே ஸ்பின்டெக்ஸில் ஃப்ளாட் பார்த்துவிட்டு, "ஒரே வீடு. இல்லேன்னா கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டான்.

வேலையிலும் அவன் அப்படித்தான். பழைய ஒலிப்பதிவுகளைத் தேடித் தரும் சர்வரை நிறுவியபோது, எப்படித் தேடுவது என்கிற செட்டிங்ஸையும், தேடுவதற்காகச் சேர்த்த டேட்டாவையும் ஒரே ஃபோல்டரில் போட்டிருந்தான். பிரித்து வை என்று அவள் எவ்வளவோ சொன்னாள். "எதுக்குப் பிரிக்கணும்? பிரிச்சா தொலைஞ்சிடும்." சண்டைக்குப் பிறகு ஒருநாள் அவளே டேட்டாவை வேறொரு டிஸ்கில் மாற்றிவைத்து, அது இருக்கும் இடத்தைச் செட்டிங்ஸில் எழுதினாள். அவனிடம் சொல்லவில்லை.

இன்றைக்கு அவன் சர்வரின் புதுப் பதிப்பை ஏற்றினான். செட்டிங்ஸில் தான் எதையும் மாற்றியதில்லையே என்ற நினைப்பில், தன் கணக்கில் டேட்டாவும் அங்கேதான் என்பதையே மறந்து, பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டான். சர்வர் சமர்த்தாக எழுந்துகொண்டது. "கடல்" என்று தேடினான். ஒன்றுமில்லை. "மீன்." ஒன்றுமில்லை. ஊரே தூங்கிப்போனபின் கண்விழித்த குழந்தைபோல அது வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது.

"கோர்கோய்..." அவன் குரல் உடைந்தது. "எல்லாம் போச்சு. நானே அழிச்சிட்டேன்."

அவள் எழுந்துவந்து அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஒண்ணும் போகலை. டேட்டா வேற டிஸ்க்ல பத்திரமா இருக்கு. புதுசா வந்த செட்டிங்ஸுக்கு அது எங்கே இருக்குன்னு தெரியலை. தன் காலி ஃபோல்டருக்குள்ளேயே தேடிக்கிட்டு இருக்கு, பாவம்."

இடத்தை ஒரு வரியில் எழுதினாள். சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினாள். "கடல்" என்றதும் எத்தனையோ குரல்கள் வரிசையாக வந்து நின்றன.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மாத்தினதை என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீதான் பேசலையே."

"நீயும்தான் பேசலை."

அது உண்மைதான். அவளுக்குச் சுருக்கென்றது.

"சின்னப் பையனா இருந்தப்போ என்னை ஆண்கள் வீட்டுல கொண்டுபோய் விட்டாங்க" என்றான், திரையைப் பார்த்தபடியே. "அம்மா அடுத்த தெருவுலதான் இருந்தாங்க. எந்த வாசல்னு யாரும் எனக்குச் சொல்லலை. தூக்கத்துல எழுந்து எழுந்து தேடுவேன்."

இத்தனை நாள் பழக்கத்தில் இதை அவன் சொன்னதே இல்லை. அவள் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நமக்குப் பிள்ளை பிறந்தா அதுக்கு ரெண்டு வாசலும் தெரியும், ஒடார்ட்டே. நானே கையைப் பிடிச்சு நடத்திக் காட்டுவேன்."

அவன் திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினான். "முதல்ல எனக்குக் காட்டு" என்றான். "ஃப்ளாட் வேண்டாம்னு வீட்டுக்காரர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

தூசிக்குள் மிதப்பதுபோல இருவரும் நடந்தார்கள். பெண்கள் வீட்டு முற்றத்தில் சித்தி புளித்த மக்காச்சோள மாவில் பாங்கூ களி கிளறிக்கொண்டிருந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன மாப்பிள்ளை, ஸ்பின்டெக்ஸ்ல வழி தவறிட்டியா?"

"வழி கேட்டுத்தான் வந்தேன் சித்தி."

"வந்தவன் சும்மா நிக்காதே. இந்தா, துடுப்பைப் பிடி. அடிப்பிடிச்சா அந்தப் பானை முழுக்க உனக்குத்தான்."

அவன் சட்டைக் கையை மடித்தான். பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள்.