இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

நிலா எழுவதைப் பார்க்க வாருங்கள் என்று கட்டடத்தையே மொட்டைமாடிக்கு அழைத்தவன், தானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பதுதானே முறை? லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனைபோல் சுற்றிச் சுற்றி வந்தான். விரித்த பாயையே இழுத்து இழுத்து விரித்தான். மருந்துக்கடைக்காரர் கையில் டீ இருக்கும்போதே இன்னொரு டீயை நீட்டினான்.

"நிலா தானா வரும்பா. நீ போய்த் தள்ளிவிட வேண்டாம், உட்காரு," என்றார் அவர்.

நிலாவா அவனுக்குப் பிரச்சினை? கைப்பிடிச் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தாரே அவன் அண்ணன், அவர்தான் பிரச்சினை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் தனிக்கட்டை. விடிந்தால் முதியோர் இல்லத்துக்குப் போகிறார், பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. 'அங்கே போகாதீங்க, எங்களோட வந்து இருங்க' என்று சொல்ல வேண்டும். விஷயம் அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் இத்தனை நாளாக அவனுக்கு நாக்கு எழவில்லை. மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார், நிலாவைச் சாக்கு வைத்துக் கூப்பிடுங்கள், பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னது அவன் மனைவி.

பேச்சோடு பேச்சாகக் கேட்க முதலில் பேச்சு வேண்டுமே. ஒருமுறை பக்கத்தில் போய், "காத்து வருதாண்ணே?" என்று கேட்டான். வருகிறது என்றார். திரும்பி வந்துவிட்டான். மனைவி தூரத்திலிருந்து கண்ணை உருட்டினாள்.

கிழக்கே மேகம் மூடிக் கிடந்தது. தையல்காரம்மா, "அதோ, வந்துடுச்சு!" என்று கத்த, எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளக்கு. சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"வானம் மூடியிருக்கு. நான் கிளம்பறேன். காலைல வண்டி வந்துடும்."

"இருங்கண்ணே, இப்ப வந்துடும்."

"வந்தா நீங்கள்லாம் பாருங்க."

கைப்பிடியைப் பிடித்து மெல்ல நாலாவது மாடிக்கு இறங்கினார். லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது.  போனால் போனதுதான். அடுத்து அவன் செய்ததை வேறு எந்தத் தம்பியும் செய்திருக்க முடியாது, வேறு யாரிடமும் லிஃப்ட் ரூம் சாவி இருந்திருக்காது. மொட்டைமாடி மூலையில் இருந்த அந்த அறையைத் திறந்தான், மெயின் சுவிட்சை இறக்கினான். மோட்டார் அப்படியே அடங்கியது.

தலைதெறிக்கப் படியிறங்கி மூன்றாவது மாடிக்கு ஓடி, சாவி போட்டுக் கதவைத் திறந்தான். பெட்டி பாதி இறங்கி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றிருந்தது. தரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளிதான் தெரிந்தது. குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். அவசர விளக்கின் வெளிச்சத்தில் அண்ணனின் வழுக்கைத் தலை பளபளத்தது.

"அண்ணே, பயப்படாதீங்க."

"நான் ஏன்டா பயப்படணும்? நீதானே நிறுத்தின?"

பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தான். "ஆமா," என்றான்.

"எத்தனை வருஷம் கண்டக்டரா இருந்தவன் நான். வண்டியை நடுவழில நிறுத்தினா எவனுக்குடா பிடிக்கும்?"

"அங்க போகாதீங்கண்ணே. எங்க வீட்டுக்கு வந்துடுங்க."

வாயைவிட்டு வந்துவிட்டது. தரையின் சில்லிப்பு நெஞ்சில் ஏற, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.  அண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

"இதைக் கேக்கவா ஊரைக் கூட்டினே?"

"ம்."

"பெட்டி கட்டும்போதெல்லாம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்டா. வருவான், நின்னு கேப்பான்னு."

"நீங்க மாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னுதான்..."

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ரெண்டு ரூம்ல நீங்க மூணு பேர், நான் எங்க கால் நீட்டுவேன்? ஆனா நீ கேட்டிருக்கலாம்ல?"

 அந்த ஒரு சாண் இடைவெளியில் கையை விட்டான். அண்ணன் கையைப் பிடிக்கவில்லை, தட்டிவிடவும் இல்லை.

"இப்படிப் பிடிச்சு வெச்சுக் கேட்டா நான் என்னடா சொல்றது? போ, சுவிட்சைப் போடு. மூச்சு முட்டுது."

கதவைச் சரியாக மூடினான்; அது மூடாமல் லிஃப்ட் நகராது. மேலே ஓடி, சுவிட்சைப் போட்டான். பழைய லிஃப்ட். கரண்ட் வந்ததும் தானாகப் போகாது, உள்ளே இருப்பவர் பொத்தானை அமுக்க வேண்டும். கம்பிக்கயிறு சுற்றிய பெரிய சக்கரம் அசையாமல் நின்றது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தாலே மேலே வருகிறாரா, கீழே போகிறாரா என்று அவனுக்குத் தெரிந்துவிடும். வெளியே "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று ஒரே கூச்சல். நிஜமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. அவன் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சக்கரம் கீழே போகும் பக்கமாகச் சுற்றியது.

அவன் கை இன்னும் சுவிட்சின் மேல்தான் இருந்தது. கையை எடுத்து, சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். சக்கரம் சுற்றி முடித்து நிற்கும்வரை வெளியே எடுக்கவில்லை.

மனைவி லிஃப்ட் ரூம் வாசலில் வந்து நின்றாள். "எல்லாரும் உங்களைத் தேடறாங்க. உங்க அண்ணன் எங்க?"

"போயிட்டார்."

"என்னங்க நீங்க! எப்படியாவது நிறுத்தி வெச்சிருக்கக் கூடாதா?"

"நிறுத்திப் பாத்துட்டேன்." சாவியை இடுப்பில் செருகினான். "காலைல வண்டி வர்றதுக்கு முன்னாடி அவர் வீட்டு வாசலுக்குப் போறேன். கேக்கப் போறேன்."

"மாட்டேன்னு சொல்லிட்டா?"

"மாட்டேன்னுதான் சொல்லுவார்," என்றான்.