ராட்டினத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும்

பொன்னுத்துரைக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. மாமியார் பவுனம்மாளின் முகத்தை அவன் நேருக்கு நேர் பார்த்தது முகூர்த்தத்தன்றைக்கு மட்டும்தான். அதற்கப்புறம் கதவு மறைவில் ஒரு முந்தானை நுனி, அடுப்படியில் வளையல் சத்தம், அவ்வளவே. மாப்பிள்ளை எதிரில் மாமியார் வந்து நிற்பது மரியாதை இல்லை என்ற வழக்கத்தைக் கப்பலேறி வந்தவர்கள் ரங்கூனிலும் விடவில்லை. அவன் சாப்பிட உட்கார்ந்தால், "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளுடி" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு குரல் வரும். அவன் காதில் ஏற்கெனவே விழுந்துவிட்ட அந்தக் கேள்வியை மனைவி கமலாட்சி திரும்ப ஒருமுறை கேட்பாள். பாவம், வாயில்லாப் பூச்சி என்றுதான் மாமியாரைப் பற்றி அவன் நினைத்திருந்தான்.

அந்த வருஷம் தை பிறந்ததும், ரங்கூன் ஆற்றங்கரையில் அலோன் பக்கம் கப்பல் எதுவும் வந்து நிற்காமல் சும்மா கிடந்த பழைய மரஜெட்டியை ஒரு வேடிக்கைக் கம்பெனி வாடகைக்கு எடுத்தது. ஆற்றுக்குள் நீண்டு கிடந்த அந்த ஜெட்டி முழுக்கக் கலர்த் துணி கட்டி, குதிரை ராட்டினம், ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டுகிற கண்ணாடி அறை, பாண்டு வாத்தியம் என்று அமர்க்களப்படுத்தியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஜெட்டியின் கடைசியில், தண்ணீருக்கு மேல் தொங்குகிறாற்போல ஒரு பெரிய ராட்டினம். நீராவி எஞ்சின் வைத்துச் சுற்றுவது. அதன் உச்சியில் உட்கார்ந்தால் கடலே தெரியும் என்று ஊரெல்லாம் பேச்சு.

பொன்னுத்துரை மரக் கிட்டங்கி ஒன்றில் குமாஸ்தா. "அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. கப்பல்ல கொடிமரத்து உச்சி வரைக்கும் ஏறினவன் நான்" என்று கமலாட்சியிடம் அளந்துவிட்டிருந்தான். உண்மையில் கப்பலில் வந்தபோது அவன் கீழ்த்தட்டில் குப்புறப் படுத்தே பயணத்தை முடித்தவன். கமலாட்சி அதை நம்பி, அப்பாவிடமும் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புவது என்று ஆகிவிட்டது.

மாமனார் மாரிச்சாமி ரயில்வே ஷெட்டில் வேலை பார்ப்பவர். கட்டுச்சோற்று மூட்டையும் பேஜோ என்கிற பர்மியப் பருப்பு வடைப் பொட்டலமுமாக அவர் முன்னால் நடந்தார். கமலாட்சியும் அவள் தங்கை தைலம்மாளும் கைகோத்துக்கொண்டு பின்னால் போனார்கள். பவுனம்மாள் தலையில் முக்காடும் தரையில் பார்வையுமாக எல்லோருக்கும் பின்னால், மாப்பிள்ளை நிழல் மேலே படாத தூரத்தில் வந்தாள்.

மாரிச்சாமி ராட்டினத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "மூட்டையை யாராச்சும் பாத்துக்கிடணும்ல" என்று ஓரமாக உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு தொட்டிலில் இரண்டு பேர். தன் முறை வந்ததும் பொன்னுத்துரை மீசையைத் தடவிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். கமலாட்சி ஒரு காலை உள்ளே வைத்தாள். பலகை இடுக்கில் கீழே ஓடுகிற தண்ணீர் கண்ணில் பட்டதோ இல்லையோ, "ஐயோ, நான் மாட்டேன்!" என்று அலறிக்கொண்டு தங்கையையும் இழுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்துவிட்டாள். தொட்டில்காரன் சீனன், அவனுக்கு ஆள் எண்ணிக்கைதான் கணக்கு, உறவுமுறை என்ன தெரியும்? வரிசையில் அடுத்து நின்ற பவுனம்மாளை முழங்கையைப் பிடித்து உள்ளே ஏற்றி, குறுக்குக் கம்பியை மாட்டி, எஞ்சின்காரனுக்குக் கையைக் காட்டிவிட்டான்.

தொட்டில் மேலே கிளம்பிற்று. பவுனம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தை முழுக்க ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பொன்னுத்துரை எதிர்ப்பக்கம் திரும்பினான். அந்த இத்தனூண்டு தொட்டிலில் எவ்வளவு ஒதுங்க முடியுமோ அவ்வளவு இருவரும் ஒதுங்கினார்கள்.

நல்லவேளையாக ஒரு சுற்று சங்கடத்திலேயே கழிந்தது. உயரத்தைப் பற்றி நினைக்க அவனுக்கு நேரமில்லை. இரண்டாவது சுற்றில் தொட்டில் உச்சிக்கு வந்த சமயம், கீழே 'படார்' என்று ஒரு சத்தம். ராட்டினம் குலுங்கி நின்றது. சக்கரத்தைச் சுற்றுகிற எஞ்சினின் தோல் பட்டை அறுந்துவிட்டது.

தொட்டில் முன்னும் பின்னும் ஆடியது. பொன்னுத்துரை கீழே பார்த்தான், பார்த்திருக்கக் கூடாது. ஜெட்டி ஒரு தீக்குச்சி அளவுக்குக் கிடந்தது. மாமனார் எறும்பாகத் தெரிந்தார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தான். கொடிமரம் ஏறினவன் என்ற பேச்செல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "முருகா, முருகா" என்ற முனகல் அவனையறியாமல் வந்தது.

பக்கத்திலிருந்து, பறக்கிற பருந்திடம் சொல்வதுபோல அந்த மெல்லிய குரல் கேட்டது. "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுதான்னு கேக்கணும்."

கேட்டுச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? அவன் கம்பியை இன்னும் இறுகப் பிடித்தான்.

காற்றில் தொட்டில் மறுபடி ஆடியது. பிறகு ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. நெல்லு மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை. இரும்பு மாதிரி பிடி.

"மாப்பிள்ளை," என்றாள் பவுனம்மாள், நேராகவே. "கீழ பாக்காதீங்க. கண்ணை மூடுனா இன்னும் சுத்தும். தூரத்துல பாருங்க. அந்தா, பெரிய பயா தெரியுது பாருங்க, தங்கமா."

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். மரக்கூட்டத்துக்கு மேலே பர்மியர் பயா என்று சொல்கிற ஷ்வேடகோன் பகோடா வெயிலில் ஜொலித்துக்கொண்டு நின்றது. அதைக் காட்டிலும் அவனை வியக்க வைத்தது மாமியாரின் முகம். முக்காடு காற்றில் நழுவித் தோளில் கிடக்க, மூக்குத்தி மின்ன, கண் இரண்டும் விரிய அவள் ஊரையே விழுங்குகிறாற்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் என்பது மருந்துக்கும் இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு அத்தை" என்றான் அவன். சொன்ன பிறகு வெட்கமாயிருந்தது. ஆனால் நெஞ்சில் ஏதோ பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது.

"இருக்கட்டுமே. தொங்கிக்கிட்டு இருக்கோம், பயமில்லாம எப்படி இருக்கும்? அந்தப் புகைக்கூண்டு இருக்குல்ல, அதான் நான் வேலைக்குப் போன அரிசி ஆலை. உள்ளார இருக்கயில மலை மாதிரி இருக்கும். இப்பப் பாருங்க, வெத்தலைப் பெட்டியாட்டம் இருக்கு!" அவள் சிரித்தாள்.

அப்போது அவர்களுக்கு அடுத்த தொட்டிலில் ஒரு பர்மியக் குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. தாயின் மடியிலிருந்து திமிறிக்கொண்டு கம்பிமேல் ஏறப் பார்த்தது. தாயும் அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள். ஒரு தொட்டிலில் பிடித்த பயம் எல்லாத் தொட்டிலுக்கும் பரவி, நாலு பாஷையிலும் கூக்குரல் எழுந்தது. யாரோ ஒருவன் எழுந்து நின்றான். ராட்டினம் முழுக்க ஆடியது.

பவுனம்மாள் மாப்பிள்ளையின் மணிக்கட்டை விடாமல் உடம்பை மட்டும் திருப்பினாள். மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு தொண்டையைத் திறந்து, அரிசி ஆலைச் சங்கு ஊதுகிறமாதிரி, "ஊஊஊஊ..." என்று ஒரு குரல் கொடுத்தாள்.

பொன்னுத்துரைக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவுக்குப் பின்னால் ரசம் விசாரிக்கிற குரலா இது? இயந்திர இரைச்சலுக்கு மேலே கூப்பிட்டுப் பழகின தொண்டை; அக்கரைத் தலா கிராமத்துக்கே கேட்டிருக்கும். கூக்குரல் கப்பென்று அடங்கியது. அழுத குழந்தை வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தது. அவள் மறுபடி ஊதினாள். இந்தத் தடவை முடிக்கிற இடத்தில், நீராவி தீர்ந்துபோன கிழட்டுப் படகு மாதிரி "புக்... புக்..." என்று இழுத்தாள். குழந்தை களுக்கென்று சிரித்தது.

"மச்சௌக்னே, பயப்படாதே!" என்று தாயைப் பார்த்துப் பர்மிய மொழியிலும் தமிழிலுமாகச் சொல்லிவிட்டு, நின்றவனிடம் திரும்பினாள். "ஏ, தம்பி! உட்காரு! நீ ஆடுனா நாங்க எல்லாரும்ல ஆடணும்!" அவனுக்கு என்ன பாஷையோ, உடனே உட்கார்ந்துவிட்டான்.

இதற்குள் கீழே வழி பிறந்தது. படகுத்துறைப் பர்மியப் பையன்கள் சிலர் லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ராட்டினத்தின் கம்பிகளில் அணிலாக ஏறினார்கள். ஒரு பக்கத்துக் கம்பியில் கொத்தாகத் தொங்கி உடம்பின் பாரத்தைக் கொடுத்தார்கள். சக்கரம் முனகிக்கொண்டு அசைந்தது. அந்தப் பக்கம் தரையைத் தொட்டதும் குதித்து இறங்கி, ஓடிப்போய் மறுபடி ஏறினார்கள். தொட்டில் தொட்டிலாக ஆட்கள் இறங்கினார்கள். "அடி சக்கை! பயலுக காலைப் பாருங்க மாப்பிள்ளை, தரையில நடக்கிற மாதிரி!" என்று பவுனம்மாள் ஒவ்வொரு தாவலுக்கும் மெச்சினாள். பொன்னுத்துரையும் பார்த்தான். எப்போது இரண்டு கண்ணையும் திறந்தான் என்று அவனுக்கே நினைவில்லை.

அவர்கள் தொட்டில் கீழே வந்தபோது, மாமியார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்திருந்ததை மாரிச்சாமி பார்த்தார். மூட்டையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். கமலாட்சி ஓடிவந்து, "பயந்துட்டீங்களா? அம்மா ரொம்பப் பயந்துச்சா?" என்று அழுதாள். பவுனம்மாள் சட்டென்று கையை விட்டு, முக்காட்டைத் தேடினாள்.

பொய் சொல்ல நல்ல சமயம். ஆனால் பொன்னுத்துரைக்கு நா வரவில்லை.

"பயந்தது நான். அத்தை இல்லேன்னா மேலேயே உசிரு போயிருக்கும். கப்பல் கொடிமரம் ஏறுனேன்னு சொன்னதும் பொய்."

"உங்ககிட்டப் பேசுனாளா?" என்று கேட்டார் மாரிச்சாமி.

"பேசினாங்களாவா? உங்களுக்குக் கேக்கலையா மாமா?"

"அந்தச் சங்குச் சத்தம்..." மாரிச்சாமி பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் தோள் சிரிப்பில் குலுங்கியது.

கட்டுச்சோற்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் பட்டையைத் தைத்து மாட்டிவிட்டார்கள். மேலே சிக்கித் தவித்தவர்கள் இன்னொரு முறை காசில்லாமலே சுற்றலாம் என்று கம்பெனிக்காரன் சொல்லியனுப்பினான். ஒருத்தரும் அசையவில்லை. பவுனம்மாள் மட்டும் கையை அலம்பிக்கொண்டு எழுந்தாள். அவள் பார்வை ஒரு கணம் மாப்பிள்ளை மேல் நின்றது.

"நம்மால ஆகாது அத்தை. நீங்க போய்ட்டு வாங்க. மூட்டையை நான் பாத்துக்கறேன்."

அவள் தைலம்மாளை இழுத்துக்கொண்டு போனாள். பொன்னுத்துரை கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றான். தொட்டில் உச்சிக்குப் போனதும், சாயங்கால வெயிலில் தெற்கே கையை நீட்டி அவள் கத்தினது ஜெட்டி முழுக்கக் கேட்டது.

"மாப்பிள்ளை! கடல் தெரியுது! சத்தியமா, கடல்!"

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் சிரித்தார். "கடல் இங்கிருந்து எத்தனையோ மைல் ஆச்சே. யாருய்யா அந்தம்மா?"

"எங்க அத்தை" என்றான் பொன்னுத்துரை. "தெரியுதுன்னு அவங்க சொன்னா தெரியும்."