செனோபியா திரும்பக் கேட்ட இலை

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒஃபேலியாவுக்கு மார்பில் புற்றுநோய் என்ற செய்தி லாஸ் குரூசெஸ் ஊரில் பரவியதும் முதலில் கதவைத் தட்டியவள் செனோபியாதான். ஒஃபேலியாவின் மகனுக்கு ஞானத்தாய்; அந்த உறவில் அவளை 'கொமாத்ரே' என்பாள். சந்தையில் மூலிகை விற்பவள்.

"ஊசி மருந்து அது பாட்டுக்கு ஏறட்டும். இதையும் குடி கொமாத்ரே, ரத்தம் சுத்தமாகும்" என்று பை நிறைய இலை கொடுத்தாள்.

ஒஃபேலியா காலையும் மாலையும் குடித்தாள். திட்டுவார்களே என்ற பயத்தில் மருத்துவமனையில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கீமோ பாதியில் இருக்கும்போது ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு அன்றைய மருந்தை நிறுத்தினார்கள். கல்லீரல் கெட்டுக்கொண்டிருந்தது. கணவன் லாசரோ காரிலேயே வெடித்தான்.

"அந்தச் சூனியக்காரி கஷாயம்தான் காரணம்! அத்தனையும் குப்பைல கொட்டுறேன் பாரு."

"வாயை மூடு. நான் வாந்தி எடுக்கிறப்போ தலையப் பிடிச்சது நீயா, அவளா?"

லாசரோ வண்டியை எடுத்தான்.

புற்றுநோய் சிகிச்சையோடு எந்த மூலிகை ஒத்துப்போகும், எது ஆகாது என்று பார்ப்பதற்கென்றே அந்த மருத்துவமனையில் டாக்டர் ரெனாட்டா இருந்தார். ஒஃபேலியா அவரிடம் அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"பையைக் கொண்டு வாங்க. கொடுத்தவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

செனோபியா உதட்டுச் சாயம் பூசி, சண்டைக்குத் தயாராக வந்தாள். "என்ன டாக்டரம்மா, என்னை ஜெயில்ல போடப் போறீங்களா?"

"முதல்ல உட்காருங்க. இது புதினாவா? நல்லா மணக்குதே."

செனோபியாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. இருவரும் மேசைமேல் இலைகளைப் பரப்பினார்கள். சீமைச் சாமந்தியை ஆறவைத்துக் கொப்பளித்தால் வாய்ப்புண்ணுக்கு இதமாக இருக்கும் என்றார் டாக்டர். குமட்டலுக்கு இஞ்சி, அளவோடு. பிசின் நாற்றமடித்த சின்ன இலைக்கு வந்ததும் அவர் கை நின்றது.

"பாலைவனப் புதர், கொபெர்னதோராதானே?"

"ஆமா. எங்க அம்மா காலத்துலேர்ந்து கட்டிக்குக் கொடுக்கிறது."

"இது கல்லீரலைக் கெடுக்கும்மா. சில பேருக்கு உயிருக்கே ஆபத்தாயிருக்கு. உள்ளுக்குக் குடிக்கவே கூடாது."

செனோபியா கத்துவாள் என்றுதான் ஒஃபேலியா எதிர்பார்த்தாள். அவளோ ஒஃபேலியாவின் மஞ்சள் பூத்த கண்களையே பார்த்தாள்.

"நானா உனக்கு இதைப் பண்ணேன்?" குரல் உடைந்தது. சட்டென்று கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வேற வீடுகள்லயும் குடிக்கிறாங்க. நான் போகணும்."

கொளுத்தும் வெயிலில் வீடு வீடாகப் போய், தான் விற்ற இலையைத் தானே திரும்பக் கேட்டாள்.

"நேத்து மருந்து, இன்னிக்கு விஷமா?" என்று சிரித்தார்கள்.

"ஆமா, விஷம்தான். தெரியாம வித்துட்டேன். கொண்டா இங்க!"

இதைக் கேள்விப்பட்ட ஒஃபேலியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. தெருவில் நின்று இப்படித் தன் வாயால் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

கல்லீரல் மெல்லத் தேறியது. கீமோ மீண்டும் தொடங்கியது. குமட்டல் மாத்திரையோடு, டாக்டர் மணிக்கட்டில் குத்திய மெல்லிய அக்குபங்சர் ஊசிகளும் சேர்ந்து அவளைச் சாப்பிட வைத்தன. சிகிச்சை முடிந்து அவள் பேருந்துக்குத் திரும்பியபோது லாசரோ தானே போய்ச் செனோபியாவை விருந்துக்கு அழைத்து வந்தான்.

டாக்டர் கேட்டுக்கொண்டதால் செனோபியா இப்போது மருத்துவமனையிலும் வந்து உட்காருகிறாள். சோதனைக்கு வந்த ஒஃபேலியாவுக்கு யாரோ ஒரு நோயாளியை அதட்டும் அவள் குரல் வராந்தா வரை கேட்டது.

"என்ன குடிக்கிறே, டாக்டரம்மாகிட்ட சொல்லு. பொய் சொல்லாதே, உனக்கு வித்ததே நான்தான்!"