புகார் கொடுத்தவள்

கல்மரப் பூங்கா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த காட்டை அழித்துத் தைலமரம் வைக்கக் காண்ட்ராக்டர் கோதண்டபாணி கிளம்பியபோது, ஊரில் எதிர்த்து மனுக் கொடுத்தவள் ஜெசிந்தா ஒருத்திதான். நிலக்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கும் கூலி வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு ஏழு முறை பஸ் ஏறினாள். வீரை மரமும் பாலை மரமும் போனால் ஏரிக்கு வரும் ஓடை தூர்ந்துவிடும் என்று ஒவ்வொரு மேஜையிலும் சொன்னாள். கடைசியில், வெட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது.

அந்த வாரமே பொங்கல். ஆபீஸெல்லாம் பூட்டிக் கிடந்த மாட்டுப்பொங்கலன்று காட்டுக்குள் மரம் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டது. ஜெசிந்தா ஓடினாள். பாதிக் காடு சாய்ந்து கிடந்தது. நாலைந்து பேர் டிராக்டரில் கட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெஷினைப் பிடித்திருந்தவன் அவள் புருஷன் சகாயராஜ்.

"நீயாய்யா?"

அவன் மெஷினை நிறுத்தினான். "நான் வரலன்னா வேற எவனாச்சும் வெட்டிக்கினு இருப்பான். நீ ஆபீஸ் ஆபீஸா சுத்திக்கினு இருந்தா அடுப்பு எரியுமா?"

அவன் அடுத்து வெட்ட இருந்த மரத்தடியில் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். டிராக்டர் போகும்வரை எழுந்திருக்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்த வனத்துறை ரேஞ்சர் இருவரையும் கூப்பிட்டு, எழுதிய புகாரை அவளிடம் நீட்டினார். குற்றவாளி என்ற இடத்தில் சகாயராஜ் பெயர் மட்டும் இருந்தது.

"கோதண்டபாணி பேரு எங்க சார்?"

"அவரு அன்னிக்கி ஊர்லயே இல்லம்மா. அவரு வெட்டுனத நீ பார்த்தியா?"

"இல்ல சார். அவருதான் ஆளு வுட்டாரு." புருஷன் பக்கம் திரும்பினாள். "சொல்லுய்யா."

சகாயராஜ் தரையைப் பார்த்தபடி நின்றான். காண்ட்ராக்டர் பெயரைச் சொன்னவனுக்கு அந்தப் பக்கம் வேலை கிடைக்காது.

"நீ கையெழுத்துப் போடலன்னா கேஸே இல்ல," என்றார் ரேஞ்சர். "மீதிக் காட்டயும் வெட்டிக்கினு போயிடுவாங்க."

ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள்.

பதினைந்து நாள் கழித்து ஜாமீனில் வந்த சகாயராஜ், துணிமணியை எடுத்துக்கொண்டு முகையூரில் அக்கா வீட்டுக்குப் போனான். திரும்பவில்லை. கோதண்டபாணிக்கு ஒரு சம்மன்கூட வரவில்லை.

மீதிக் காடு நிற்கிறது. ஊரார் அங்கேதான் விறகு பொறுக்குகிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள். புருஷனை உள்ளே வைத்தவள் என்று ஜெசிந்தாவை மட்டும் யாரும் கூலிக்குக் கூப்பிடுவதில்லை. மூன்று ஊர் தள்ளிக் களையெடுக்கப் போகிறாள். காட்டை ஒட்டி பஸ் போகும்போது அவள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.