ரெண்டு மாத்திரைதானே

ஜமுனாவின் வாய் கெட்டிக்கார வாய். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும்போது, பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பறியை மணிக்கணக்கில் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். அதோடு பக்கத்தில் வருகிறவளிடம் ஊர்வம்பும் பேசிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு, ஒரு சிவப்பு மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் விழுங்கி, புருஷனைப் பார்த்துச் சிரிப்பது ஒரு வேலையா?

அவளுக்கு ஐந்தாம் மாதம். ரத்தம் குறைவு என்று கிராம நர்ஸ் ஜெயம்மா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார். தலைப்பிள்ளை சுபஸ்ரீ வயிற்றுக்குள் பெருத்துப் போனதால் கிழித்துத்தான் எடுத்தார்கள். தையல் ஆறி மறுபடி ஏரியில் இறங்க ஒரு வருஷம் ஆயிற்று. சத்து மாத்திரை போட்டால் இதுவும் பெருத்துவிடும் என்று யாரோ சொன்னது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. நர்சிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் அதெல்லாம் இல்லை என்பார், அப்புறம் விழுங்கித் தொலைக்க வேண்டும். அதனால் கேட்கவில்லை.

ஒதுக்கிய மாத்திரையை ஏரியில் போட மனசு வரவில்லை. சோறு போடுகிற தண்ணீரில் மருந்தைக் கரைத்தால் இறால் செத்துப்போகும் என்று பயம். தெருவில் எறிந்தால் கோழி கொத்தும், ஊர் பார்க்கும். வீட்டு ஆணியில் சும்மா தொங்கிய பறியில் ஒவ்வொன்றாகப் போட்டு வந்தாள். போன மாதக் கூட்டத்தில் ஜெயம்மா, "ஜமுனாவப் பாத்துக் கத்துக்கோங்க, ஒரு நாள் தவற மாட்டா" என்று எல்லார் முன்னாலும் சொன்னபோது, கொஞ்சமும் கூசாமல் தலையை ஆட்டினாள்.

அன்று காலை பத்து மணி இருக்கும். ஏரியிலிருந்து வந்த தருமன் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டரை வயது சுபஸ்ரீ உள்ளேயிருந்து வந்தாள். உதடெல்லாம் சிவப்பு, பல்லெல்லாம் சிவப்பு. கையில் மாத்திரை அட்டை.

"அம்மா முட்டாயி," என்றாள்.

தருமன் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். காலையில் இரண்டு மிச்சமிருந்ததை அவனே பார்த்திருந்தான். இப்போது காலி. உடனே ஜெயம்மாவுக்குப் போன் போட்டான்.

"ரெண்டுதானே? நல்லாத் தெரியுமா?" என்றார் ஜெயம்மா. "கொழந்த எட எவ்ளோ?"

"பதினோரு கிலோக்கா. ரெண்டேதான். மீதிய ஜமுனா முழுங்கிட்டா, நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

"ரெண்டுன்னா பயப்படாத. ஆனா கண்ணு எடுக்காம பாத்துக்க. வாந்தி வந்தா ஒடனே சொல்லு. மாத்திரய எட்டாத எடத்துல வைங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது."

கால் மணி நேரத்தில் பிள்ளை செக்கச்செவேலென்று வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டதும் எழுந்து கோழியைத் துரத்தப் போய்விட்டாள். "பூந்த ரெண்டும் வெளிய வந்துட்ச்சி," என்று தருமன் சிரித்தான். நர்சைக் கூப்பிடவில்லை.

பேச்சைக் கேட்டுக் கொல்லையிலிருந்து உள்ளே வந்த ஜமுனாவின் கண் ஆணிக்குப் போனது. பறி இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் பிள்ளை ஏறி நின்ற முக்காலி. பறியை எடுத்தாள். கொட்டிப் பார்த்தாள். பத்து இருந்தது. நேற்றுவரை போட்டது இருபத்திரண்டு. பாயைப் புரட்டினாள், டிரம்மை நகர்த்தினாள், தரையைக் கையால் தடவினாள். எங்கேயும் ஒன்றுகூட இல்லை.

அந்த நிமிஷத்தில் அவள் நினைத்ததை மறைத்து என்ன பயன்? வாந்திதான் எடுத்துவிட்டாளே, விளையாடுகிறாளே என்று நினைத்தாள். சொன்னால் தருமன் முகத்தில் எப்படி முழிப்பது, ஜெயம்மா காறித் துப்ப மாட்டாரா என்றும் நினைத்தாள். பெற்றவள்தான் இதையெல்லாம் நினைத்தாள். வெளியே சுபஸ்ரீ கோழியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவது தெரிந்தது. மறுபடி எழுந்து ஓடினாள்.

ஜமுனா பறியோடு வாசலுக்கு வந்தாள்.

"ரெண்டு இல்ல," என்றாள். "இதுல இருந்து இன்னும் பன்னெண்டு துன்னுகீறா."

"இதுல எப்பிடி மாத்திர வந்திச்சி?"

"நான் முழுங்கல. ஒரு நாளும் முழுங்கல."

தருமனுக்கு விளங்க நேரமானது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கி ஜெயம்மாவிடம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். ஜெயம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"ஒடனே கெளம்பு," என்றார் ஜெயம்மா. "தொண்டையில வெரல விடாத. உப்புத் தண்ணி, கைவைத்தியம் எதுவும் வேணாம். மீதி மாத்திர, அட்ட எல்லாத்தையும் எடுத்துனு வா. கரையில ஆம்புலன்ஸோட நிப்பேன்."

அவர்கள் இருந்தது ஏரித் தீவு, அக்கரைக்குப் படகுதான் வழி. அப்போதுதான் வந்து சேர்ந்த பக்கத்து வீட்டுத் தேவதாஸ் நண்டுக் கூடையை இறக்கிவிட்டுப் படகைத் திருப்பினான். கோடை ஏரி, பாதி வழியில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. படகு சேற்றில் தட்டி நின்றது. தருமனும் தேவதாஸும் குதித்துத் தள்ளினார்கள். சுபஸ்ரீ மடியில் உட்கார்ந்து, போகிற கொக்கைக் காட்டிச் சிரித்தாள்.

"நல்லாதான கீறா," என்றான் தருமன், மூச்சிரைக்க. அவன் ஜமுனாவைப் பார்க்கவில்லை. "திரும்பிக்கலாம். சாயந்திரம் பாத்துக்கலாம்."

"நீ திருப்பினா நான் எறங்கிப் புள்ளயத் தூக்கினு நடந்தே போவேன்."

தேவதாஸ் இரண்டு பேரையும் பார்த்தான், பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளினான். படகு நகர்ந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி எத்தனை மாத்திரை என்பதுதான். பதினான்கு என்று ஜமுனா சொன்னாள். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்டார். நர்சுகள், தருமன், ஜெயம்மா எல்லாரும் நிற்க, அவள் பறியைக் கவிழ்த்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள், வயிற்றைப் படம் எடுத்தார்கள். இரும்பை முறிக்கிற மருந்தை ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை ரத்தமாக வாந்தி எடுத்தாள். இரவு முழுக்கக் கண் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் இனிப் பயமில்லை என்றார் டாக்டரம்மா. "நடுவுல கொஞ்ச நேரம் புள்ளைங்க நல்லா விளையாடும். வீட்டுல ஏமாந்துடுவாங்க. இரண்டுதான்னு நினைச்சு நீங்க இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், தருமன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு தருமன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவளிடம் பேசாதவன் அப்போதுதான் பேசினான்.

"வாயில வெச்சிக்கினே தெனம் என்னப் பாத்து சிரிச்சியே."

ஜமுனா பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

"இனிமே நீ இன்னா சொன்னாலும் நான் நம்பறதுக்கு நாளாவும்."

அவள் சுபஸ்ரீயின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஆவட்டும்," என்றாள். "புள்ள கீது."