வெள்ளிக்கிழமைப் படம்

தெரேசா எடுக்கும் படங்கள் வெள்ளிக்கிழமை மதியத்தில் மட்டும் அழகாக வந்தன. அதுவும் ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லாத நேரத்தில். ஆய்வகத் தலைவர் டாக்டர் கமாலுதீனுக்குப் பொறி தட்ட இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

படம் என்றால், உயிரோடிருக்கும் செல்லுக்குள் வேலை செய்யும் ஒரு புரதத்தின் படம். சின்னஞ்சிறு இயந்திரம் அது. வாயைத் திறந்து மூடி, செல்லுக்குள் சேரும் நஞ்சை வெளியே தள்ளும். தாடைக்கொரு சாயப்பொட்டை ஒட்டியிருந்தாள் தெரேசா. வாய் திறந்தால் பச்சை மின்னும், மூடினால் சிவப்பு. இதைப் படம் பிடித்துவிட்டேன் என்று அவள் சொன்னபோது ஆய்வகமே கைதட்டியது. கமாலுதீனும் அரைமனதாகத் தட்டினார்.

காரணம் பேட்ரிக். சில வருடங்களுக்கு முன் இதே ஆய்வகத்தில் வேலை பார்த்த அந்தப் புண்ணியவான் ஒரே படத்தைத் திருப்பியும் வெட்டியும் புதுப்படம் என்று நீட்டினான். கமாலுதீனும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டி வந்தது, மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து யார் சிரித்தாலும் அவருக்குச் சந்தேகம்தான்.

தெரேசாவின் கான்ட்ராக்டை நீட்டிக்கலாமா என்று அவர் திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்றால் அவள் சொந்த ஊரான நிபோங் திபாலுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். சரி என்று சொல்லி, பிறகு குட்டு வெளிப்பட்டால் மூட்டை கட்டுவது அவர்.

இந்த வெள்ளிக்கிழமை கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். தொப்பி போட்டு, தாராளமாக அத்தர் பூசிக்கொண்டு, "ஜும்ஆவுக்குப் போயிட்டு வர்றேன்மா" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லி லிஃப்டில் இறங்கினார். படிக்கட்டில் ஏறித் திரும்பி வந்தார். காய்ச்சலில் கிடந்த நாட்களைத் தவிர வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்ஆவை அவர் விட்டதேயில்லை. இருந்தாலும் கால் நிற்கவில்லை.

அவள் படம் எடுக்கும் இருட்டறையின் கதவை விரலளவு திறந்து எட்டிப் பார்த்தார். தெரேசா முதுகைக் காட்டியபடி திரைமுன் உட்கார்ந்திருந்தாள். சாத்தினார். சற்றுப் பொறுத்து மறுபடி திறந்தார். இப்போது அவள் கையில் ஒரு பென் டிரைவ். மூன்றாம் முறை பார்த்தபோது அது கணினியில் செருகியிருந்தது. பழைய படத்தை ஏற்றுகிறாள்! பேட்ரிக் செய்த அதே வேலை! தூரத்தில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது. அதைக் கேட்கக் கூசி, நடையின் கோடியிலிருந்த சாமான் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்து, அப்போதுதான் வந்தவர்போல நுழைந்தார். தெரேசாவுக்கு முகமெல்லாம் பல்.

"வாங்க டாக்டர். இன்னிக்கு நல்லா விழுந்திருக்கு."

இருட்டறையில் படம் ஓடியது. பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை. அதன் அழகே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"இன்னிக்கு எடுத்ததா இது?"

"ஆமா டாக்டர்."

"பொய் சொல்லாத. நீ பென் டிரைவ்ல..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தெரேசா அவரையே பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "அது போன வாரப் படம் டாக்டர். உங்களுக்குக் குடுக்கத்தான் காப்பி எடுத்தேன். இத முழுசா பாருங்க, பொறவு பேசுங்க."

பார்த்தார். திரை திடீரென்று முழு வெள்ளையானது. அடுத்த கணம் இயந்திரம் விட்ட இடத்திலிருந்து வாயை மூடியது. சற்று நேரத்தில் இன்னொரு வெள்ளை. பிறகும் ஒன்று.

"கதவு தெறந்தா இப்படித்தான் ஆவும். சாயத்தோட வெளிச்சம் அவ்ளோ கம்மி. மத்த நாள்ல ஆளாளுக்கு வந்து தெறக்குறாங்க, சொன்னாலும் கேக்குறதில்ல லா. வெள்ளிக்கிழம தொழுக நேரத்துலதான் யாரும் வர மாட்டாங்க. இன்னிக்குப் பாத்து யாரோ மூணு தடவ தெறந்துட்டாங்க."

கமாலுதீன் மனதுக்குள் எண்ணினார். அவர் எட்டிப் பார்த்ததும் மூன்று தடவைதான். பழைய படமாக இருந்தால் அவர் எட்டிப் பார்த்தது அதில் எப்படி விழும்? அவளுக்கு அவரே சாட்சியாகிவிட்டார். தொழுகையையும் விட்டுவிட்டு, ஒழுங்காக வேலை செய்யும் பெண்ணைத் திருடியாக்கப் பார்த்தோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இந்த வெள்ளைய வெட்டிடவா டாக்டர்?"

வெட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் படத்தில் எவரும் கை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

"வெட்டாத. அப்படியே இருக்கட்டும்."

"அப்ப ஏன் வந்துச்சுன்னு கீழ எழுதணும். கதவ யாரு தெறந்தாங்கன்னு போடுறது?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்னு போடும்மா. நான் ஜும்ஆவுக்குப் போகல."

"தெரியும் டாக்டர். தெறக்குறப்பல்லாம் அத்தர் வாசம் வந்துச்சு."

தெரேசா திரையை அவர் பக்கம் திருப்பினாள். அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது. மூன்று வெள்ளைக்கும் நேரே அவர் பெயர் இருந்தது.